இறந்தோரின் கதை எவருடையது?

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் ஒரு விபத்துச் செய்தியைத் தொட்டுச் செல்கிறது. சீலோவாமில் கோபுரம் ஒன்று சரிந்து 18 பேர் மடிந்தனர். அவர்கள் யார், எவ்வூரார், எதற்காக அங்கு நின்றிருந்தனர் என்பன எவையும் நமக்குச் சொல்லப்படவில்லை. எண் மட்டும் நின்றுவிட்டது, பெயர்கள் போய்விட்டன. அந்நிகழ்வைக் குறிப்பிட்ட ஆண்டவர், இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைக் காட்டிலும் பெரிய குற்றவாளிகள் என எண்ணுகிறீர்களோ எனக் கேட்டு, அல்ல என்று தாமே விடையும் தருகிறார். இப்பகுதியை மனமாற்றத்திற்கான அழைப்பாக மறையுரைகளில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அதில் இன்னொன்றும் உண்டு. பேரிடரின் கதையைச் சொல்லுகிறவர்கள், செய்தியோடு கூடவே தீர்ப்பையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். செய்தியை ஏற்றுக்கொண்ட இயேசு, தீர்ப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. 2025 ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், மேலெழுந்த ஒரு நிமிடத்திற்குள்ளாகவே மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். ஒரே ஒருவர் நடந்து வெளியே வந்தார். அன்று மாலைக்குள் அவருடைய இருக்கை எண் உலகுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மருத்துவமனைப் படுக்கையருகே ஒளிப்படக் கருவிகள் சென்றன. அதே விமானத்தில் பயணம் செய்த உடன்பிறந்தவரை இழந்த மனிதர் அவர் என்பது, அவரை 'அதிசயம்' என்று அழைத்தவர்கள் பலருக்கு இரண்டாம் செய்தியாகவே இருந்தது. விமானம் புறப்படுமுன் உறவினருக்கென ஒரு குடும்பம் எடுத்து அனுப்பிய படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, முன்பின் அறியாத கோடிக்கணக்கானோரின் கண்ணீருக்குப் பொருளாயிற்று. அக்கண்ணீர் பொய்யானதன்று. ஆயினும் அந்தப் படம் நமக்கு அனுப்பப்பட்டதும் அன்று.

போக்குவரத்து நெரிசலில் சிக்கிச் சில நிமிடங்கள் தாமதித்ததால் அவ்விமானத்தைத் தவறவிட்ட ஒருவரைப் பற்றியும் படித்தோம். தெய்வம் காப்பாற்றியது என அவர் சொன்னதில் நமக்கு வியப்பில்லை. தப்பிய நெஞ்சம் நன்றி சொல்லத்தான் செய்யும். ஆனால் அந்நன்றியைப் பிறர் எடுத்து, பாடமாக்கி, ஊரெல்லாம் பரப்பும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அவரைக் காத்த கரம் ஏனைய 241 பேரை ஏன் காக்கவில்லை என்னும் கேள்வி, அப்பாடத்தின் மறுபக்கத்தில் எழுதப்படாமலே நிற்கிறது. இறந்தவர்களின் வீட்டில் அமர்ந்து அதே பாடத்தை உரக்கச் சொல்ல முடியுமா? முடியாதெனில், அது சீலோவாமில் திருப்பி அனுப்பப்பட்ட தீர்ப்பே அன்றோ?

இனி, விமானிகளின் நிலையை நோக்குவோம். 2025 ஜூலையில் வெளியான முதற்கட்ட அறிக்கை, எந்திரங்களுக்கு எரிபொருள் செல்வதைக் கட்டுப்படுத்தும் விசைகள் நிறுத்தும் நிலைக்கு மாறியிருந்ததையும், ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதையும் பதிவு செய்தது. கேட்டவர் யார், சொன்னவர் யார் என்று அவ்வறிக்கை கூறவில்லை. எனினும் சில நாள்களிலேயே வெளிநாட்டு ஏடுகள் மூத்த விமானியை நோக்கி விரல் நீட்டின. அவருடைய மனநிலை, குடும்பச் சூழல் என எல்லாம் பேசுபொருளாயின. இறந்தவர் மறுத்துரைக்க வரமாட்டார். தொண்ணூறு வயதைக் கடந்த அவருடைய தந்தை உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். அம்முதியவர் அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதில்லை என 2025 நவம்பரில் நீதிபதிகள் ஆறுதல் கூறினர்.

நம் ஒழுக்கநெறி இறையியல் இங்கு இரண்டு பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. பொய்யைச் சொல்லிப் பிறர் பெயரைக் கெடுப்பது அவதூறு. உண்மையாகவே இருக்கும் ஒரு குறையைத் தக்க காரணமின்றி அறியாதவரிடம் வெளிப்படுத்துவது புறங்கூறல். முன்னதைப் பாவமென்று எவரும் ஒப்புவர். பின்னதை, 'உள்ளதைத்தானே சொன்னேன்' என்று சொல்லி நாம் எளிதில் கடந்து போகிறோம். எட்டாம் கட்டளை அவ்வாறு கடந்து போகவிடுவதில்லை. உண்மை என்பதாலேயே ஒன்றை எவரிடமும் எப்போதும் சொல்லிவிடும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை என்பது திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகவே தரும் படிப்பினை. அப்படியானால் விபத்தின் காரணத்தை ஆராய்வதே தவறா? அல்ல. அடுத்த விமானத்தில் ஏறப்போகும் மனிதரைக் காப்பதற்கு அந்த ஆய்வு தேவை. அது 'தக்க காரணம்' என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் ஆய்வாளர் தேடும் காரணமும், காலை ஏட்டைப் பிரிப்பவர் தேடும் குற்றவாளியும் ஒன்றல்ல.

இவ்வளவு ஆபத்து இருப்பின் வாய்மூடி இருப்பதே மேல், இறந்தவர்களைக் கிளறாமல் விடுவதே பண்பு எனச் சிலர் சொல்லக்கூடும். நாமும் பங்குத்தளங்களில் இதனைக் கேட்டுப் பழகியவர்களே. அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக மாறிவிடலாகாது எனத் திருவழிபாட்டு ஒழுங்கே விதித்திருக்கிறது. (அவ்விதியைச் சொன்னவுடன் வீட்டார் முகம் வாடுவதை எந்தப் பங்குப் பணியாளர்தாம் கண்டதில்லை?) புனித அகுஸ்தீனாரும், இறந்தோர் மட்டில் காட்டவேண்டிய அக்கறை பற்றித் தாம் எழுதிய சிறு நூலில், அடக்கச் சடங்குகளின் சிறப்பு இறந்தவருக்கு உதவி என்பதைவிட உயிரோடிருப்போருக்கு ஆறுதல் என்றே கருதுகிறார். இறந்தவர் இறைவன் கையில் இருக்கிறார். நம் சொல் அவருக்கு எதைக் கூட்டும், எதைக் குறைக்கும்? இவ்வாதம் வலுவானது. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்த பின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

1985 ஜூன் 23-ஆம் நாள். மொன்ட்ரியாலிலிருந்து இலண்டன் வழியாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்த 'கனிஷ்கா' என்னும் ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே, சரக்கறையில் இருந்த வெடிகுண்டினால் சிதறியது. அந்தப் பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்த மனிதர் விமானத்தில் ஏறவேயில்லை. அதே நாளில் ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டிகளைக் கையாண்ட இரு தொழிலாளர்கள் மாண்டனர். கனிஷ்காவில் இருந்த 329 பேரில் ஒருவரும் மீளவில்லை. கிடைத்த உடல்கள் 131. ஏனைய 198 பேரைக் கடல் திருப்பித் தரவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த காலமாதலால், பாட்டன் பாட்டியரைக் காணப் புறப்பட்ட குழந்தைகள் மட்டுமே எண்பதுக்கும் மேல்.

இறந்தவர்களில் 268 பேர் கனடா நாட்டுக் குடிமக்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்திய வழியினர். பலர் கனடாவிலேயே பிறந்த பிள்ளைகள். எனினும் அந்நாட்டுத் தலைமையமைச்சர் பிரையன் மல்ரோனி, செய்தி கிடைத்ததும் நம் தலைமையமைச்சர் ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து இரங்கல் தெரிவித்தார். தம் நாட்டு மக்களின் சாவுக்காக அடுத்த நாட்டுக்கு ஆறுதல் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர், பிணம் கிடக்கும் வீட்டைக் கடந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதை ஒத்தது இது. அவர் தீயெண்ணம் கொண்டு செய்தார் என நாம் சொல்லத் துணியோம். ஆனால் மகனையும் மகளையும் பறிகொடுத்துத் தொரொன்டோவில் உட்கார்ந்திருந்த தாய்க்கு, 'உன் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் அல்லர்' என்றே அது ஒலித்தது. ஒரு கதை யாருடையது என்பது வெறும் இலக்கியக் கேள்வி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதனை முதன்முதலில் உரக்கச் சொன்னவர்கள் கிளார்க் பிளேய்ஸ், பாரதி முகர்ஜி என்னும் எழுத்தாளத் தம்பதியர். குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று அமர்ந்து, அயர்லாந்துக்கும் போய்வந்து, 1987-இல் அவர்கள் ஒரு நூலை வெளியிட்டனர். இது கனடாவில் உருவாகி, கனடாவின் மக்களைக் கொன்ற கனடாவின் துயரம் என்பதே நூலின் வாதம். அரசு அதனை ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் சென்றன. அதற்குள் உளவுத்துறையினர் தாம் ஒட்டுக்கேட்டுப் பதிந்த ஒலிநாடாக்களில் நூற்றுக்கணக்கானவற்றைத் தாமே அழித்திருந்தனர். தெரிந்ததைச் சொல்லத் துணிந்த பத்திரிகையாசிரியர் தாரா சிங் ஹேயர் 1988-இல் சுடப்பட்டு நடக்க இயலாதவரானார். 1998 நவம்பரில் தம் வீட்டு வாகனக் கொட்டகையில் சக்கர நாற்காலிக்கு மாறும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் காவல்துறைக்கு முன்பே அளித்திருந்த வாக்குமூலம், அவர் இறந்துவிட்டதால் நீதிமன்றத்தில் பயன்படாமல் போயிற்று. 2005 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டனர். குண்டுக்கான பொருள்களைச் சேர்த்த ஒருவர் மட்டுமே தண்டனை பெற்றார்.

அதன் பின்னரே, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் விசாரணை ஆணையம் 2006-இல் அமர்ந்தது. அவ்வாணையம் செய்த ஒரு செயல் நம் கருத்தை ஈர்க்கிறது. உளவுத்துறையையும் காவல்துறையையும் கூண்டிலேற்றுமுன், அது குடும்பத்தினரை அழைத்துப் பேசச் செய்தது. அவர்கள் தாம் இழந்தவர்களைப் பற்றியும், அந்த நாளைப் பற்றியும், அதன் பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றியும் பேசினர். அவ்வுரைகளே ஒரு தனித் தொகுதியாக, குடும்பங்கள் நினைவுகூர்கின்றன என்னும் பொருள்படும் தலைப்பில் 2007 டிசம்பரில் முதலாவதாக வெளிவந்தன. முழு அறிக்கை 2010-இல்தான் வந்தது. அவ்வாண்டு ஜூன் 23-ஆம் நாள் தலைமையமைச்சர் ஸ்டீபன் ஹார்ப்பர் குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கோரினார். இருபத்தைந்து ஆண்டுகள்! சட்ட நோக்கில் அக்குடும்பத்தினரின் பேச்சால் புதிய சான்று எதுவும் கிடைத்திருக்காது. ஆயினும் 329 என்னும் எண், பெயராகவும் முகமாகவும் மாறிய இடம் அதுவே. அது நடவாமல் மன்னிப்பும் நடந்திருக்காது என்பது நம் எண்ணம். ஆனாலும் கதை வேர்விட்டுவிட்டதாகச் சொல்வதற்கில்லை. 2023-இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்தாய்வில், கனடியர் பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்நிகழ்வைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியாது அல்லது எதுவுமே தெரியாது என்றனர்.

ஜெர்மானிய இறையியலார் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ் அவர்களைக் குருமடத்தில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பதினாறு வயதில், அவர் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டார். ஒருநாள் இரவு படைத்தலைவர் அவரிடம் ஒரு செய்தியைக் கொடுத்துப் பின்னணி முகாமுக்கு அனுப்பினார். மறுநாள் திரும்பியபோது, வான்வழிக் குண்டுவீச்சிலும் டாங்கிகளின் தாக்குதலிலும் அவருடைய அணியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் அனைவரும் இறந்து கிடந்தனர். பெரும்பாலோர் அவர் வயதொத்த சிறுவர்கள். முந்திய நாள் தம்மோடு விளையாட்டையும் அச்சத்தையும் பகிர்ந்துகொண்ட முகங்கள் வெறுமையாகக் கிடந்ததை அவர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். 'நான் மட்டும் காப்பாற்றப்பட்டேன்' என்று சாட்சி சொல்ல அவர் ஒருநாளும் முற்பட்டதில்லை. மாறாக, மாண்டவர்களின் துன்பத்தை மறந்துவிட்டுப் பேசும் எந்த இறையியலும் கிறிஸ்தவ இறையியல் அன்று என்றார். இயேசுவின் பாடுகளின் நினைவு ஆபத்தான நினைவு. அது வெற்றி பெற்றோர் எழுதிய வரலாற்றைக் கலைத்துவிடும் என்று எழுதினார். நாம் ஒவ்வொரு நாளும் பீடத்தில் நினைவாகச் செய்யும் பலி, கொல்லப்பட்ட ஒருவரின் கதையைச் சொல்வதில் தொடங்குகிறது என்பதை அவர் நமக்கு மீண்டும் காட்டினார்.

எனவே சொல்லத்தான் வேண்டும். யார் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. இதற்கு ஆண்டிஸ் மலையில் நடந்த நிகழ்வு, வேறெதையும்விட நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது எனக் கருதுகிறோம்.

உருகுவாய் நாட்டின் மொந்தேவிதேயோ நகரில் அயர்லாந்துக் கிறிஸ்தவச் சகோதரர்கள் நடத்திய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் பழைய மாணவர்கள், ரக்பி ஆட்டமொன்றுக்காகச் சிலி நாட்டிற்குப் புறப்பட்டனர். 1972 அக்டோபர் 13-ஆம் நாள், மலையைக் கடந்துவிட்டதாகத் தவறாகக் கணித்து விமானி கீழிறங்க, விமானம் பனிமலையில் மோதியது. அதில் இருந்தவர்கள் 45 பேர். தேடுதல் கைவிடப்பட்டதைச் சிறு வானொலிப் பெட்டியில் அவர்களே கேட்டனர். அக்டோபர் 29 இரவில் பனிச்சரிவு மேலும் எட்டுப் பேரைக் கொன்றது. உண்ண ஏதுமில்லாத அவ்வெண்பனியில், இறந்த தோழர்களின் உடலை உண்டு அவர்கள் உயிர் தரித்தனர். இரவுதோறும் செபமாலை சொல்லினர். டிசம்பரில் நந்தோ பராடோ, ரொபெர்த்தோ கனெஸ்ஸா என்னும் இருவர் பத்து நாள் மலைகளைக் கடந்து நடந்து, ஆற்றின் மறுகரையில் ஒரு மாட்டுக்காரரைக் கண்டனர். அவர் கல்லில் கட்டி எறிந்த தாளில் தம் நிலையை எழுதித் திருப்பி எறிந்தனர். எழுபத்திரண்டாம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் 16 பேர்.

மீட்கப்பட்டவர்களிடம், எதைத் தின்று வாழ்ந்தீர்கள் எனச் செய்தியாளர் கேட்டனர். பாலாடைக்கட்டியும் மலைப் பூண்டுகளும் என்பதே விடை. பொய்தான். ஆனால் அதே நாள்களில் மருத்துவமனைக்கு வந்த அருட்பணியாளரிடம் அவர்கள் தாமாகவே உள்ளதைச் சொல்லினர். பாவமில்லை என்னும் சொல்லையும், நற்கருணையையும் பெற்றனர். அடுத்து, இறந்த தோழர்களின் பெற்றோரிடம் நேரில் தாமே சொல்லவேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதற்குள் மீட்புக்குச் சென்றவர்கள் எடுத்த படம் சிலி ஏடுகளில் வெளிவந்துவிட்டது. டிசம்பர் 28-ஆம் நாள் தாம் படித்த கல்லூரியிலேயே செய்தியாளர்களைச் சந்தித்து, முழுவதையும் ஒப்புரைத்தனர். பொய் எந்நிலையிலும் ஆகாது என்று சொன்ன அகுஸ்தீனார் இவர்களைக் கண்டித்திருப்பார். நமக்கோ, அப்பொய்யைவிட, அதைச் சூழ்ந்திருந்த வரிசையே கண்ணில் படுகிறது. முதலில் இறைவன் முன். அடுத்து, பிள்ளையை இழந்த தாய் தந்தையர் முன். அதன் பிறகே ஊர் முன். உண்மை அனைவருக்கும் உரியதுதான். ஆனால் அனைவருக்கும் ஒரே வேளையில் உரியதன்று. படம் வெளியிட்ட ஏடு உண்மையைத்தான் வெளியிட்டது. எனினும் அந்த வரிசையை உடைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்துத் தம் வீட்டுச் சாவை அறிந்துகொள்ளும் குடும்பங்கள் மலிந்த இக்காலத்தில் இதனை நாம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அச்சந்திப்பில் பேசிய இளைஞர், கிறிஸ்து தம் உடலையும் இரத்தத்தையும் தந்ததை நினைத்தே தாங்கள் அதைச் செய்ததாகக் கூறினார். திருச்சபையின் அதிகாரிகள் அவர்கள் செய்ததில் பாவமில்லை எனத் தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் அதனை நற்கருணையோடு ஒப்பிடுவதை ஏற்றுக்கொள்ளவில்லை. இறையியல் நோக்கில் இது சரியே. நற்கருணையில் தம்மைத் தருபவர் உயிர்த்த ஆண்டவர். பனியில் கிடந்த தோழர்களோ ஒருவரையொருவர் உயிரோடிருந்தபோது கேட்டுக்கொண்ட மனிதர்கள். இருப்பினும், தான் இறந்தால் தன் உடலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்த அந்த இளைஞர்களுக்கு, வேறு எந்த மொழி கைவசம் இருந்தது? தம் செயலுக்குப் பொருள் தேடிய அவர்கள், ஞாயிறுதோறும் கேட்ட சொற்களையே எடுத்தனர். அவர்களைத் திருத்திய இறையியலாளர், அடுத்த கணம் அமைதியாக இருந்திருக்கலாம்.

அவர்களுடைய கதையை எழுதப் பணிக்கப்பட்டவர், ஆங்கிலேயக் கத்தோலிக்க நாவலாசிரியர் பியர்ஸ் பால் ரீட். பதினாறு பேரிடமும் பேசி, 1974-இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் விற்றது. கைப்பிரதியைப் படித்த சிலர், மலையில் தம்மைத் தாங்கிய விசுவாசமும் நட்பும் அதில் வெளிப்படவில்லையே என மனம் வருந்தியதை அவரே முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். இது நேர்மை. நூல் தவறென்பதல்ல; சொல்லியவர் கண்ட கதைக்கும் எழுதியவர் கேட்ட கதைக்கும் இடையே உள்ள பள்ளத்தை அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் அவரிடம் பேச வாய்ப்பில்லாதவர்கள் 29 பேர். தப்பியவர்கள் நாயகர்களாயினர், மற்றவர்கள் அவர்கள் கதையில் வரும் உடல்களாயினர். மொந்தேவிதேயோவில் இறந்தோரின் அன்னையர் என்ன செய்தனர் என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். 1973-இல் அவர்கள் ஒரு நூலகம் திறந்து, அதற்கு 'எம் பிள்ளைகள்' என்று பெயரிட்டனர். தம் மக்கள் எவ்வாறு மாண்டனர் என உலகம் படித்துக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் படிப்பதற்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தனர்.

1993-இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தில் இறந்தவர்களின் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. குடும்பங்களின் மனம் புண்படாதிருக்கச் செய்த ஏற்பாடாக அது இருக்கலாம். ஆயினும் இரண்டாம் முறை அவர்கள் பெயரிழந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், ஸ்பானிய இயக்குநர் ஹுவான் அந்தோனியோ பயோனா எடுத்த படம், இறந்தோரின் குடும்பங்களின் இசைவைப் பெற்று, அவர்களுடைய உண்மைப் பெயர்களையே வைத்தது. ஒவ்வொருவர் இறக்கும்போதும் பெயரும் வயதும் திரையில் எழுகின்றன. மேலும், கதையைச் சொல்பவனாக வருபவன் தப்பியவர்களில் ஒருவன் அல்லன். டிசம்பர் 11-ஆம் நாள், இறுதியாக இறந்த நூமா துர்காத்தி. அவன் இறந்த மறுநாளே அந்த நெடு நடை தொடங்கியது. இறந்தவன் வாயில் சொற்களை வைக்கலாமா என்பதில் நமக்கு இன்னும் தயக்கம் உண்டு. அவன் என்ன நினைத்தான் என்பது இறைவனுக்கு மட்டுமே தெரியும். திரையில் ஒலிப்பது எழுதியவர்களின் குரல். ஆனாலும் அக்குடும்பங்களைத் தேடிச் சென்று கேட்டார்கள் அல்லவா, அங்கே நம் தயக்கம் பாதி குறைகிறது.

கேட்பது என்று சொல்லிவிட்டோம். அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. யோபுவின் நண்பர்கள் மூவரை நாம் எளிதில் பழிக்கிறோம். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் ஒரு சொல்லும் பேசாமல் அவர்கள் உட்கார்ந்திருந்ததை மறந்துவிடுகிறோம். அந்த ஏழு நாள்களுக்காகவே அவர்களைப் போற்றலாம். பிறகு வாய் திறந்தார்கள். கையில் ஒரு கோட்பாடு இருந்தது. யோபுவின் துன்பம் அதற்கு எடுத்துக்காட்டாகிவிட்டது. துயருற்றோரின் கதையைத் திரட்டும் எவருக்கும், அவர் எழுத்தாளராயினும் ஆய்வாளராயினும் குருவானவராயினும், அந்த எட்டாம் நாள் வந்தே தீரும். 'ஆண்டவர் தந்தார், ஆண்டவர் எடுத்தார்' என்று சாவு வீட்டில் நாம் முந்திக்கொண்டு சொல்லும்போது, அது யோபு தம் வாயால் சொல்லியது என்பதும், அவருடைய நண்பர்கள் சொல்லியதன்று என்பதும் நமக்கு நினைவில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டு வேர்களைக் கொண்ட கனடிய எழுத்தாளர் பத்மா விஸ்வநாதன் 2014-இல் வெளியிட்ட நாவலில், கனிஷ்காக் குடும்பங்களைப் பேட்டி காண உளவியலார் ஒருவர் இந்தியாவிலிருந்து வருகிறார். துக்கங்களை ஒப்பிட்டு ஆய்வது அவருடைய திட்டம். அவருடைய தமக்கையும் அவள் பிள்ளைகளும் அதே விமானத்தில் மாண்டவர்கள். குறிப்பேட்டோடு பிறர் வீட்டில் அமர்ந்திருக்கும் அம்மனிதர், தம் துக்கத்தை மட்டும் ஆய்வுக்கு உட்படுத்த இயலாமல் திணறுகிறார். தன் காயத்தை மறைக்கப் பிறர் காயத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நிலை அது. நாவலாசிரியர் அவரை ஏளனம் செய்யவில்லை. அதனாலேயே அது நம்மைத் தொடுகிறது.

பாரதி முகர்ஜி, அந்த நூலை எழுதி முடித்ததோடு நின்றுவிடவில்லை. 1988-இல் அதே துயரத்தைப் பற்றி ஒரு சிறுகதையும் வெளியிட்டார். இத்தனை வீடுகளில் அமர்ந்து கேட்டவர், கேட்பவரின் மீதே ஐயுறவு கொண்டு எழுதியதாகவே அக்கதை நமக்குத் தோன்றுகிறது. அதில் அரசு அனுப்பிய சமூகப் பணியாளரான பெண்மணி ஒருத்தி வருகிறாள். நல்லவள், உதவ விரும்புகிறவள். துக்கத்தின் படிநிலைகளைப் பாடநூல்களில் படித்தவள். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று அவளால் வகைப்படுத்த முடியும். கணவனையும் இரு மகன்களையும் இழந்த ஒருத்தியை மொழிபெயர்ப்புக்காக உடன் அழைத்துக்கொண்டு, முதிய சீக்கியத் தம்பதியரின் வீட்டுக்குப் போகிறாள். அவர்களுடைய மகன்கள் அவ்விமானத்தில் போனவர்கள். தாள்களில் கையொப்பமிட்டால் பணம் வரும், விளக்கெரியும், வாடகை தீரும். முதியவர்கள் மறுக்கிறார்கள். கையொப்பமிடுவது, பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என ஒப்புக்கொள்வது ஆகும். பெற்றவர்கள் அதைச் செய்யலாகாது. திரும்பும் வழியில், காரை ஓட்டியபடியே, அந்தப் பெண்மணி அவர்களுடைய பிடிவாதத்தைப் பற்றி அலுத்துக்கொண்டு, அடுத்துப் பார்க்கவேண்டியவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். உடன் வந்தவள், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் விடை சொல்லவில்லை.